பலன்ஸ் சாப்டைக் கழற்றலாமா? வன்னியில் பழைய வான், பஜேரோ, டபிள்கப் வைத்திருப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

இங்கே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இஞ்சினைச் சுற்றியவை: மிட்சுபிஷியின் 4டி56. எல்300 டெலிகா வான், பழைய பஜேரோ, எல்200 டபிள்கப் என்று மூன்றிலும் வந்த 2.5 லீற்றர் டீசல் இஞ்சின் அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டுவிட்டுப் பழைய வானையே கழுவித் துடைத்து வைத்துக்கொண்டவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். அந்த வான்கள் இன்னும் ஹயர் ஓடுகின்றன, நெல் ஏற்றுகின்றன, கோயில் திருவிழாவுக்கு ஆள் ஏற்றுகின்றன. ஒருநாள் ரைமிங் பெல்ட் மாற்றக் கராஜில் விட்டால், "உள்ளே இன்னொரு சின்ன பெல்ட் இருக்கு, அதைக் கழற்றி விடட்டா அண்ணை?" என்ற கேள்வி வருகிறது. அங்கிருந்து தொடங்குவோம்.

பலன்ஸ் சாப்ட் என்பது என்ன?

இஞ்சின் புளொக்கின் உள்ளே, கிராங் சாப்டுக்கு (பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுற்றாக மாற்றும் தண்டு) இரு பக்கமும் ஒவ்வொன்றாக ஓடும் இரண்டு நீளத் தண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் மட்டும் பாரம் வைத்திருப்பார்கள். கிராங் ஒரு சுற்றுச் சுற்றினால் இவை இரண்டு சுற்றுச் சுற்றும், அதுவும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். வண்டியை ஓட வைப்பதில் இவற்றுக்கு எந்தப் பங்கும் இல்லை. இஞ்சினின் அதிர்வைக் குறைப்பது மட்டும்தான் வேலை.

இங்கிலாந்துப் பொறியியலாளர் பிரெடெரிக் லாஞ்செஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற யோசனை இது. 1970களின் நடுவில் மிட்சுபிஷி அதை எடுத்துத் திருத்தி, இரண்டு தண்டுகளையும் ஒரே மட்டத்தில் வைக்காமல் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்து, 'சைலன்ட் சாப்ட்' என்று பெயரிட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. போர்ஷ் கொம்பனியே தன் 944 காருக்காக மிட்சுபிஷிக்கு உரிமக் கட்டணம் கட்டியது. அந்த அளவுக்குப் பெறுமதியான சங்கதி நம் நெல் மூட்டை வானுக்குள்ளும் இருக்கிறது.

நாலு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போக இரண்டு கீழே வருகிறது. அது தானாகவே சமன் ஆகாதா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாதி சரி. விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போடுவோம்.

4டி56 இல் பிஸ்டன் மேலிருந்து கீழே வரும் தூரம் 95 மில்லிமீற்றர். கிராங் கால்வட்டம் சுற்றினால் பிஸ்டன் அதில் பாதி, அதாவது 47.5 மில்லிமீற்றர் இறங்கியிருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கொன்ரொட் நேராக நிற்பதில்லை, பக்கத்துக்குச் சாய்கிறது. சாயும்போது அதன் உயரம் குறைகிறது. அதனால் மேலிருந்து வரும் பிஸ்டன் அந்தக் கால்வட்டத்தில் ஏறக்குறைய 55 மில்லிமீற்றர் இறங்கிவிடுகிறது. அதே நேரத்தில் கீழிருந்து ஏறும் மற்ற இரண்டு பிஸ்டனும் 40 மில்லிமீற்றர்தான் ஏறியிருக்கும். இரண்டு 55 இறங்க, இரண்டு 40 ஏற, மொத்தப் பாரம் கீழே நகர்ந்துவிட்டது. அடுத்த கால்வட்டத்தில் கணக்குத் தலைகீழாகிறது: இறங்குவது 40, ஏறுவது 55. இப்போது மொத்தப் பாரம் மேலே வந்துவிட்டது.

ஆகக் கிராங் ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் இஞ்சின் இரண்டு தடவை மேலும் கீழுமாகக் குலுங்குகிறது. பலன்ஸ் சாப்ட் கிராங்கைவிட இரு மடங்கு வேகத்தில் சுற்றுவதன் காரணம் இதுதான். பிஸ்டன்களின் பாரம் கீழே இழுக்கும்போது தண்டுகளின் பாரம் மேலே இழுக்கும். இரண்டும் எதிர்த்திசையில் சுற்றுவதால் பக்கவாட்டு இழுவையை ஒன்றுக்கொன்று அழித்துவிடும்.

இந்தக் குலுக்கல் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. சுற்று இரட்டிப்பானால் குலுக்கும் விசை நாலு மடங்கு. நிமிடத்துக்கு 1500 சுற்றில் பெரிதாகத் தெரியாத ஒன்று 3000 இல் சீற், ஸ்டியரிங், கண்ணாடி எல்லாவற்றிலும் தெரியும். பிஸ்டன் பெரிதாக, பாரமாக இருந்தாலும் அப்படியே. அதனால்தான் 2 லீற்றருக்கு மேற்பட்ட நாலு சிலிண்டர் இஞ்சின்களில்தான் பலன்ஸ் சாப்டை அதிகம் பார்க்கிறோம். வரிசையாக ஆறு சிலிண்டர் உள்ள இஞ்சினில் இந்தக் குலுக்கல் தானாகவே அழிந்துபோகும், அதற்கு இது தேவையே இல்லை. இன்னொரு கோடியில் நம் இரு சில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டரின் ஒற்றைச் சிலிண்டர். நாள் முழுக்க உழுதுவிட்டு வருபவரின் கையைக் கேட்டால் அதிர்வு என்றால் என்ன என்று சொல்வார்.

என் வாகனத்தில் பலன்ஸ் சாப்ட் இருக்கிறதா?

4டி56 என்றால் இருக்கிறது. மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கி ஹியுண்டாய் செய்த அதே குடும்பத்து டீசல் இஞ்சின்களும் உண்டு, அவையும் இதே கதைதான். பஜேரோவின் 2.8 லீற்றர் 4எம்40 இலும் பலன்ஸ் சாப்ட் இருக்கிறது, ஆனால் அதை ஓட்டுவது பெல்ட் அல்ல. ஆகவே இந்தப் பக்கத்தில் உள்ள பாதிப் பயம் அந்த இஞ்சினுக்குப் பொருந்தாது. டொயோட்டா 3 லீற்றர் 1கேடி இலும் உண்டு.

டொல்பின் ஹைஏஸில் வந்த 2எல், 3எல், 5எல் இஞ்சின்களில் கிடையாது. ஒரு லீற்றர் விட்ஸின் மூன்று சிலிண்டரிலும் கிடையாது. "டொல்பின் பலன்ஸ் சாப்ட் இல்லாமல்தானே லட்சக்கணக்கில் ஓடுது" என்று சிலர் கேட்கிறார்கள். ஓடுகிறது. ஆனால் அந்த இஞ்சினின் மவுண்டிங், பிராக்கெட், பொடி எல்லாமே அது இல்லை என்று தெரிந்து வரையப்பட்டவை. எல்300 அப்படி வரையப்பட்டதல்ல.

பிறகு ஏன் கழற்றச் சொல்கிறார்கள்?

பெல்ட்டால். 4டி56 இன் முன்பக்கத்தில் இரண்டு பல் பெல்ட்டுகள் இருக்கின்றன. வெளியே இருப்பது பெரியது. காம் சாப்டையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) டீசல் பம்பையும் சுற்றும் ரைமிங் பெல்ட். அதற்குப் பின்னால், புளொக்கை ஒட்டி ஒளிந்திருப்பது பலன்ஸ் சாப்டைச் சுற்றும் சின்ன பெல்ட். பெரிய பெல்ட்டைக் கழற்றினால்தான் சின்னதின் முழு முகமும் தெரியும்.

தெரியாத பொருளை யாரும் மாற்றுவதில்லை. பெரிய பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, "பின்னால இருக்கிறது பரவாயில்லை, இன்னும் ஓடும்" என்று மூடிவிடுவார்கள். கிராங்கைப் போல இரு மடங்கு வேகத்தில் சுழலும் தண்டுகளை இழுக்கும் பெல்ட் அது. ஒருநாள் அறுகிறது. வெறுமனே அறுந்தால் வண்டி அதிர்வதோடு போய்விடும். ஆனால் அறுந்த துண்டு கிராங்கில் சுற்றி, முன்னால் உள்ள ரைமிங் பெல்ட்டுக்குள் மாட்டினால் அது பல் தாண்டும் அல்லது அறும். இந்த இஞ்சினில் ரைமிங் போனால் வால்வும் பிஸ்டனும் முட்டும். பெரும்பாலும் முதலில் உடைவது வால்வை அழுத்தும் கை, அதாவது 'றொக்கர் ஆம்'. அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு நிற்கும். இல்லையென்றால் வால்வு வளைந்து, ஹெட் இறக்க வேண்டிவரும். இந்த ஹெட் ஏற்கெனவே சூடு தாங்காமல் வெடிப்பதற்குப் பேர்போனது. இறக்கிப் பார்த்தால் வேறு செலவும் சேர்ந்து வரும்.

ஆக "அந்த பெல்ட் இல்லையென்றால் அது அறுந்து ரைமிங்கைக் கெடுக்கவும் முடியாது" என்பது மெக்கானிக்கின் வாதம். வாதத்தில் பிழை இல்லை.

இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. அன்றைக்கு ஓடிய மொறிஸ் மைனரிலும் ஒஸ்டினிலும் பலன்ஸ் சாப்ட் இல்லை. உதிரிப்பாகம் என்ற சொல்லே கனவாக இருந்த நாட்களில் தொழில் பழகியவர்கள் எதைக் கண்டாலும் முதலில் கேட்பது, "இது இல்லாமல் ஓடுமா?" என்றுதான். அந்தக் கேள்வி அன்றைக்கு ஊரையே ஓட வைத்தது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இப்போது பெல்ட் வவுனியாவில் கிடைக்கிறது. அங்கே இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லிவிட்டால் பஸ்ஸில் வந்துவிடும்.

பெல்ட்டை மட்டும் கழற்றுவதும், தண்டையே எடுப்பதும் ஒன்றா?

இல்லவே இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இஞ்சின்கள் சாகின்றன.

பெல்ட்டை மட்டும் எடுத்தால் தண்டுகள் இருந்த இடத்திலேயே சும்மா கிடக்கும். அவற்றின் பெயரிங், ஒயில் சீல் எல்லாம் அப்படியே இருக்கும். ஒயில் வழிகள் மூடியபடியே இருக்கும். 4டி56 இல் ஒயில் பம்ப் இந்தச் சின்ன பெல்ட்டில் தொங்கவில்லை. ஆகவே பெல்ட் இல்லாமலும் ஒயில் ஓடும். மறுபடி பெல்ட் போட வேண்டுமென்றால் ஒரு நாள் வேலை.

அப்படி எடுக்கும்போது ஒரு கவனம்: கிராங்கில் அந்த பெல்ட்டுக்கென்று இருக்கும் சின்னப் பல்சக்கரத்தையும் தட்டையும் சேர்த்து எடுத்துவிடக் கூடாது. அவை இடைவெளி காக்கின்றன. எடுத்துவிட்டால் முன்னாலுள்ள ரைமிங் பல்சக்கரம் உள்ளே தள்ளிப்போய் பெரிய பெல்ட் கோணலாக ஓடும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனரையும் தளர்ந்தபடி விடக் கூடாது. முழுதாகக் கழற்றி வையுங்கள்.

பெற்றோல் இஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்துவிட வேண்டாம். மிட்சுபிஷி 4ஜி63 இல் ஒரு பலன்ஸ் சாப்ட் ஒயில் பம்போடு பிணைந்தது. அதன் பம்பைச் சுற்றுவது ரைமிங் பெல்ட்டே. அங்கே தண்டை எடுக்க வேண்டுமென்றால் பம்புக்கு ஒரு குட்டைத் தண்டு வேண்டும். யோசிக்காமல் கழற்றினால் ஒயில் இல்லாமல் ஓடும்.

தண்டை முழுதாக எடுத்தால் ஒயில் பிரஷர் விழும் என்கிறார்களே, எப்படி?

தண்டு சுற்றும் பெயரிங்குகளுக்கு ஒயில் பம்பிலிருந்து அழுத்தத்தோடு ஒயில் வருகிறது. ஒவ்வொரு பெயரிங்கிலும் அதற்கு ஒரு துளை. தண்டு உள்ளே இருக்கும்வரை அந்தத் துளைக்கும் தண்டுக்கும் இடையே மயிரளவு இடைவெளிதான், அதனால் கொஞ்சம் ஒயில்தான் கசியும். தண்டை உருவிவிட்டால் துளை வாயைத் திறந்தபடி நிற்கும். வாய்க்காலின் தலைப்பக்கத்தில் ஒரு மடை திறந்து கிடந்தால் கடைசி வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? இரணைமடுத் தண்ணீரில் பயிர் செய்பவருக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே கடைசி வயல் கிராங் பெயரிங்கும் கொன்ரொட் பெயரிங்கும் மேலே காம் சாப்டும்.

இதன் கொடுமை, உடனே தெரியாது. குளிர்ந்த ஒயில் தடிப்பாக இருக்கும்போது டாஷ்போர்டின் ஒயில் பிரஷர் விளக்கு அணைந்தே இருக்கும். மாங்குளம் தாண்டி நல்ல வெயிலில் ஒயில் இளகி, வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது சிவப்பு விளக்கு மினுக்கும். "சென்சர் பழுது" என்று வயரைக் கழற்றுவார்கள். அப்புறம் கொன்ரொட் தட்டும் சத்தம் வரும்.

ஆகவே தண்டை எடுப்பவர் அந்தத் துளைகளை அடைத்தே ஆக வேண்டும். வழக்கமான முறை, பழைய பெயரிங்கைத் தட்டி எடுத்து, துளை வழியோடு சேராதபடி திருப்பி மறுபடி இறுக்குவது. அல்லது துளை இல்லாத புஷ் ஒன்றை லேத்தில் கடைந்து போடுவது. முன்பக்கத்தில் தண்டு வெளியே வந்த இடத்துக்கும் நல்ல அடைப்பு வேண்டும். இதை இஞ்சின் வண்டியில் இருக்கும்போது செய்ய முயல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஓவரோல் செய்யும்போது, புளொக் வெறுமனே மேசையில் இருக்கும்போது செய்யும் வேலை அது. சிலிக்கன் பூசி அடைப்பதென்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அந்தச் சிலிக்கன் பிய்ந்து ஒயில் வழிக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெல்ட் இல்லாமல் ஓடினால் இஞ்சின் உடைந்துவிடுமா?

கிராங் முறியும் என்று பயமுறுத்துபவர்களும் உண்டு, ஒன்றுமே ஆகாது என்பவர்களும் உண்டு. இஞ்சினின் உட்பாகத்துக்கு இந்தக் குலுக்கலால் பெரிய கேடில்லை, ஏனென்றால் குலுங்குவது இஞ்சின் முழுவதும். அடி விழுவது இஞ்சினைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதில் தொங்கிக்கொண்டிருக்கும் பொருட்களுக்குத்தான். மவுண்டிங் இறப்பர் சீக்கிரம் இறங்கும். சைலன்சர் பிராக்கெட், ஒல்டர்னேற்றர் பிராக்கெட், ஏசி கொம்பிரசரின் பிடி, டீசல் பைப், ரேடியேற்றர் காது இவற்றில் நுண்ணிய வெடிப்பு விழுந்து வளரும். போல்ட்டுகள் தளரும். இது ஒரே மாதத்தில் தெரியாது. ஒருநாள் ஒல்டர்னேற்றர் காது முறியும், இன்னொருநாள் ஏசி பைப் ஒழுகும், எல்லாம் தனித்தனிப் பழுது போலவே தோன்றும்.

பின்னால் இருப்பவர்களையும் மறக்காதீர்கள். எல்300 இல் இஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே. முல்லைத்தீவிலிருந்து நோயாளியை வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏற்றிப் போகும் வானில் அந்த அதிர்வை யார் தாங்குவது? சாரதியே இறங்கும்போது முழங்கால் மரத்துப்போய் இறங்குவார்.

சரி, கழற்றுவதா இல்லையா? ஒரே பதில் சொல்லுங்கள்.

ஆள் ஏற்றும் வாகனம் என்றால் கழற்றாதீர்கள். இரண்டு பெல்ட்டையும் ஒன்றாக மாற்றி, அப்படியே ஓடுங்கள். பலன்ஸ் பெல்ட் அறுந்து இஞ்சின் போனது என்று கேள்விப்படும் கதைகளைத் துருவினால், பெரும்பாலும் முன்னாலுள்ள பெல்ட்டை இரண்டு தடவை மாற்றி, பின்னாலுள்ளதை ஒருதடவையும் மாற்றாத கதையாகத்தான் இருக்கும். அதற்குத் தண்டைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

வயலுக்கும் மண் ஏற்றவும் மட்டும் ஓடும், வேகமே போகாத, பெல்ட் வரலாறு தெரியாத பழைய டபிள்கப் என்றால் பெல்ட்டை மட்டும் எடுத்துவிட்டு ஓடுவதை நான் தடுக்க மாட்டேன். தண்டின் பெயரிங்கே தேய்ந்து, புளொக்கில் ஆடுகிறது என்று ஓவரோலில் கண்டால் அப்போது முழுதாக எடுத்துத் துளையடைப்பதில் அர்த்தம் இருக்கிறது. மற்றபடி நல்ல தண்டை உருவி எறிவது வீண்வேலை.

ஒரு தண்டை மட்டும் நிறுத்தினால்?

மேல்கீழ்க் குலுக்கல் பாதி குறையும். ஆனால் பக்கவாட்டு இழுவையை அழிக்க எதிர்த்தண்டு இல்லாததால், முன்பு இல்லாத பக்கவாட்டு ஆட்டம் புதிதாக வரும். இரண்டும் ஓட வேண்டும், அல்லது இரண்டும் நிற்க வேண்டும்.

பெல்ட் மாற்றிய பிறகு முன்பைவிட அதிகமாக அதிர்கிறது. ஏன்?

மார்க் பிழைத்திருக்கிறது. கிராங், இரண்டு தண்டு ஆகியவற்றின் பல்சக்கரங்களில் மார்க் இருக்கும். எல்லாம் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு தண்டு அரைச்சுற்றுத் தள்ளி நின்றால் அது குலுக்கலை எதிர்ப்பதற்குப் பதிலாகக் குலுக்கலோடு சேர்ந்துகொள்ளும். பலன்ஸ் சாப்டே இல்லாத வண்டியைவிட மோசமாக ஆடும். 4ஜி63 இல் இந்தப் பிழை இலகுவாக வரும், ஏனென்றால் பம்ப் பல்சக்கரத்தின் மார்க் சரியாக நிற்கும்போதே உள்ளே தண்டு தலைகீழாக இருக்கலாம். அதற்குத்தான் புளொக்கின் பக்கத்தில் ஒரு பிளக் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றி ஸ்குறூடிரைவரை விட்டால், தண்டு சரியாக இருந்தால் 6 சென்ரிமீற்றராவது உள்ளே போகும், பிழை என்றால் பாதி வழியிலேயே முட்டும். இதைப் பார்க்காமல் மூடுகிற மெக்கானிக் நிறையப் பேர்.

இழுவை கூடுமா, டீசல் மிஞ்சுமா?

தண்டைச் சுற்றக் கொஞ்சம் பலம் செலவாகிறது, உண்மை. நெல் மூட்டையோடு ஏ35 இல் போகும் வானில் அந்த வித்தியாசத்தை யாராலும் உணர முடியாது. ரயர் காற்றைச் சரியாக வைத்து, எயர் பில்டரில் உள்ள கிரவல் தூசியைத் தட்டினாலே அதைவிட அதிகம் மிஞ்சும்.

ரேஸ் காரில் எல்லாம் எடுத்துவிடுகிறார்களே?

எடுக்கிறார்கள். அவர்கள் பந்தயத்துக்குப் பந்தயம் இஞ்சினைப் பிரிக்கிறார்கள், பின் சீற்றில் ஆச்சியை ஏற்றுவதில்லை.

என் வான் இப்போதே அதிர்கிறது. பலன்ஸ் சாப்டாகத்தான் இருக்குமா?

அவசரப்பட வேண்டாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் மெல்ல மெல்ல அக்ஸிலரேற்றரை மிதியுங்கள். நின்ற நிலையிலேயே அதிர்ந்தால் இஞ்சின் பக்கம். ஓடும்போது மட்டும் அதிர்ந்தால் சில்லு, ரிம், புறொப்பல்லர் சாப்டின் ஜொயின்ட் பக்கம் பாருங்கள். பரந்தன்–முல்லைத்தீவு வீதியின் உட்பாதைகளில் ஓடும் வண்டிக்கு ஜொயின்ட் போவது புதுமையல்ல.

இஞ்சின் என்றால் முதலில் மவுண்டிங் இறப்பரைப் பாருங்கள். கிழிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். ஐட்லிங்கில் மட்டும் குலுங்கி, வேகம் கூடினால் சரியாகிறதென்றால் இன்ஜெக்டர் ஒன்று சரியாக அடிக்கவில்லை, அல்லது ஐட்லிங் குறைவு. மாறாக, ஐட்லிங்கில் பரவாயில்லை, 2000 தாண்டத் தாண்ட உறுமலோடு அதிர்வு ஏறிக்கொண்டே போகிறதென்றால்தான் பலன்ஸ் சாப்டின் மேல் சந்தேகப்படலாம். பெல்ட் ஏற்கெனவே அறுந்திருக்கலாம், அல்லது உங்களுக்கு விற்றவர் கழற்றியிருக்கலாம்.

பெல்ட்டை எத்தனை கிலோமீற்றரில் மாற்றுவது? என்னென்ன சேர்த்து மாற்ற வேண்டும்?

பொதுவாகச் சொல்லும் கணக்கு 100,000 கிலோமீற்றர். நான் இங்கே ஓடும் வண்டிக்கு அவ்வளவு தூரம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். கிரவல் தூசியும், மாரியில் வீதிக்கு மேலால் ஓடும் வெள்ளத்தில் இறங்கி ஏறுவதும் பெல்ட்டுக்கு நல்லதல்ல. அதைவிட முக்கியம், நம் வண்டிகளில் பாதிக்கு ரைமிங் கவரின் கீழ்ப்பாதியே இருக்காது. யாரோ ஒருதடவை கழற்றி, மாட்டச் சோம்பல்பட்டு, கராஜ் மூலையில் போட்டிருப்பார்கள். அந்தக் கவர் இல்லையென்றால் மண் நேராகப் பல்லுக்குள் போகும். பழைய கவரைத் தேடி வாங்கி மாட்டுங்கள். மீற்றர் ஓடாத வண்டி, வரலாறு தெரியாத வண்டி, புதிதாக இறக்கிய ரீகண்டிஷன் இஞ்சின் என்றால் கிலோமீற்றர் கணக்கே பார்க்காமல் உடனே மாற்றுவதுதான் சரி.

பெல்ட் இரண்டு, அவற்றின் ரென்சனர் இரண்டு, கிராங்கின் முன் ஒயில் சீல், காம் சீல், பலன்ஸ் சாப்ட் சீல்கள். பெல்ட் சாவது வயதால் மட்டுமல்ல, சீலில் இருந்து ஒழுகும் ஒயிலாலும்தான். ஒயிலில் ஊறிய பெல்ட்டின் பல் ஊதிப் பிய்ந்துவிடும். சீல் சில்லறைக் காசு. அதை மிச்சம் பிடித்து, மறுபடி இவ்வளவையும் கழற்றுவதில் என்ன லாபம்? திறந்திருக்கும்போதே வோட்டர் பம்பையும் ஆட்டிப் பாருங்கள். கடைசியில் கிராங் புல்லி போல்ட்டை டோர்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். கண் மதிப்பில் இறுக்கினால் அது மெல்லத் தளர்ந்து, கிராங்கின் சாவிக்கட்டையைத் தின்றுவிடும்.

ஒட்டுசுட்டானுக்கு அங்கால், காட்டு வீதியில், திடீரென்று வண்டி அதிரத் தொடங்கிவிட்டது. என்ன செய்வது?

உடனே நிறுத்தி இஞ்சினை அணையுங்கள். "மாங்குளம் சந்திவரை மெல்லப் போய்விடலாம்" என்ற எண்ணம்தான் றொக்கர் ஆமை உடைக்கிறது. அறுந்த துண்டு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவும் வேண்டாம்.

மெக்கானிக்கை வரவழைத்து ரைமிங் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். பிய்ந்த நார், பல், துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். கிராங் பல்சக்கரத்துக்குப் பின்னால் சுற்றியிருப்பதையும் விடக் கூடாது. பெரிய பெல்ட்டில் வெட்டு, பிசிர் இல்லையென்றால் ரைமிங் மார்க்கைப் பார்த்துவிட்டு, கிராங் போல்ட்டில் ஸ்பனரைப் போட்டுக் கையால் இரண்டு முழுச்சுற்றுச் சுற்ற வேண்டும். எங்காவது திடமாக முட்டினால் அதற்கு மேல் பலம் கொடுக்காதீர்கள், இழுத்துக்கொண்டு போவதுதான் வழி. முட்டாமல் சுற்றி, மார்க்கும் சரியாக வந்தால் சின்ன பெல்ட் இல்லாமலே மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். சுற்றைக் குறைத்து, மேல் கியரில் போங்கள். அடுத்த வாரம் ஹயரை எடுக்கும்முன் இரண்டு பெல்ட்டும் புதிதாக ஏறியிருக்க வேண்டும்.

பலன்ஸ் பெல்ட் கழற்றிய வண்டியை விலைக்குக் கேட்கிறேன். வாங்கலாமா?

வாங்கலாம், எது கழற்றப்பட்டது என்று தெரிந்தால். பெல்ட்டை மட்டும் எடுத்திருந்தால் விலையில் ஒரு முழு பெல்ட் செலவைக் குறைத்துக் கேளுங்கள். தண்டுகளின் பல்சக்கரங்களும் ரென்சனரும் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள், தனித்தனியாகத் தேடினால் அலைய வேண்டிவரும். தண்டையே எடுத்திருக்கிறோம் என்றால் எந்தக் கராஜ், புளொக்கை இறக்கித்தான் செய்தார்களா, துளைகளை எதனால் அடைத்தார்கள் என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் வண்டியை அரை மணித்தியாலம் நன்றாக ஓட்டிச் சூடாக்கி, ஒயில் பிரஷர் சென்சர் இருக்கும் இடத்தில் உண்மையான கேஜ் ஒன்றை மாட்டி ஐட்லிங்கில் பார்க்கச் சொல்லுங்கள். டாஷ்போர்ட் விளக்கை நம்ப வேண்டாம், அதன் வயர் எங்கே போகிறது என்று கீழே குனிந்து பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.